தண்ணீர் நிரம்பிய கேரியர்கள்

மைலோ வேகும் வாசனை தெரியுமா உங்களுக்கு? மழையில் நனைந்த கோணிப்பையை யாரோ அடுப்பில் ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட சரியாக இருக்கும். அறுபதுகளின் நடுவில் அரிசி கண்ணில் படாமல் போன நாட்களில், தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் ‘லைன்’ வீடுகளின் தகரக் கூரைக்கு அடியில், கப்பலேறி வந்த அந்தச் சிவப்புச் சோளம்தான் வெந்தது. அதுவும் மாதத்தில் பாதி நாள்தான். மீதி எங்கே போனது என்பது லைனில் எல்லாருக்கும் தெரியும். ரேஷன் கார்டு சுரங்கத்தில் இறங்கும் ஆண்பிள்ளை பேரில் இருந்தது, அவர் நேரில் வந்தால்தான் டிப்போவில் தானியம். அவர்களும் ஒழுங்காகப் போய் வாங்கி, வருகிற வழியில் சாராயக் கடையில் பாதியை அளந்து கொடுத்துவிட்டு, மீதியைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னவோ புலி வேட்டையாடி வந்தவர்கள் மாதிரி வீட்டுக்குள் நுழைவார்கள். என் அப்பா அந்த வேட்டைக்காரர்களில் முதல் வரிசை.

இருப்பதை முதலில் ‘ஷிப்டு’க்குப் போகும் அப்பாவுக்கும், அப்புறம் எனக்கும் தங்கைக்கும் போட்டுவிட்டு, அம்மா காலிச் சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி அண்ணாந்து குடிப்பாள். கேட்டால், “நான் அப்பவே தின்ட்டேன்” என்பாள். நானும் நம்பினேன், நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

கார்டில் தன் பேரையும் எழுதச் சொல்லி அம்மா மூன்று தடவை டிப்போவுக்குப் போனாள். கிளார்க் மூன்று தடவையும் தலையைத் தூக்காமலே, “புருஷனை அனுப்பும்மா” என்றார். மூன்றாம் தடவை திரும்பியவள், பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்காவோடு குழாயடியில் வெகுநேரம் பேசினாள். மறுநாள் மத்தியான ஷிப்டுக்கு முன்னால் லைனில் ஒரு அடுப்பும் புகையவில்லை. எல்லா வீட்டுச் சாப்பாட்டுக் கேரியரிலும், பொம்பளைகள் தினமும் குடிக்கிற அதே பச்சைத்தண்ணீரை நிரப்பித் துணி சுற்றி வைத்தார்கள். பூமிக்குள் போய்த் திறந்து பார்க்கட்டும்.

இந்தப் போராட்டத்தில் எனக்கு ஒதுக்கப்பட்ட பங்கு, வாயை மூடிக்கொண்டு இருப்பது. அதையாவது உருப்படியாகச் செய்தேனா? எங்கள் கேரியரின் அடித்தட்டில் பொத்தல். தண்ணீர் சொட்டுவதைப் பார்த்ததும், அப்பாவிடம் மாட்டப்போகிறோம், விழுகிற அடியில் என் முதுகுக்கும் பங்கு உண்டு என்று தெரிந்துவிட்டது. அம்மா அசந்த நேரத்தில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த ‘சயனைட் மேட்டு’ மண்ணை, அதாவது தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மலைமலையாகக் கொட்டி வைக்கும் சக்கையை, அள்ளி நிரப்பினேன். கனம் கச்சிதம். அப்பாவும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். என் மூளையை நானே மெச்சிக்கொண்டிருந்தபோதுதான், அந்த மேட்டில் சறுக்கி விளையாடும்போதெல்லாம் பெரியவர்கள் கத்துவது ஞாபகத்துக்கு வந்தது: “டேய், அது வாயில பட்டுச்சு, ஆளு காலி!”

மண்ணை மண் என்று தெரியாமல் ஒரு மனிதர் பிசைந்து சாப்பிடுவாரா என்று கேட்பீர்கள். மைலோவைச் சாப்பிட்டவர் எதைத்தான் சாப்பிட மாட்டார்! சட்டைப் பொத்தான் தெறிக்க ஓடினேன். சுரங்கக் குழியான ‘ஷாப்ட்’ வாசலில், ஆட்களை ஏற்றி இறக்கும் ‘கேஜ்’ கூண்டு அப்போதுதான் ஆட்களோடு கீழே போயிருந்தது. “எங்கப்பா கேரியர்ல விஷம் வச்சிட்டேன்!” என்று நான் போட்ட சத்தத்தில், கேஜை ஏற்றி இறக்க மணி அடிக்கிறவர் முகம் வெளுத்து, அடித்த அடியில் கேஜ் அத்தனை பேரோடும் மேலே வந்தது. என் கூச்சல் கேட்டு லைனே திரண்டு வந்துவிட்டது, முன்னால் அம்மா.

பாதாளத்து இருட்டில் தனித்தனியாகத் திறந்திருக்க வேண்டிய கேரியர்களை, பட்டப்பகலில், பெண்டாட்டிகளின் கண்ணுக்கு முன்னால், தங்களுடையதிலும் விஷமோ என்று வரிசையாகத் திறந்தார்கள். தண்ணீர். தண்ணீர். தண்ணீர். எங்களுடையதில் மட்டும் மண்.

“இன்னாடி இது?” என்றார் அப்பா.

“தண்ணி நான் தெனம் தின்றது. இன்னிக்கி நீயும் தின்னு. மண்ணு உன் புள்ள போட்டது, அத அவனாண்ட கேளு.”

ஒருத்தரும் சிரிக்கவில்லை. “எங்க பேரு கார்டுல ஏறாம அடுப்பு எரியாது, வேணும்னா பட்டினியோட எறங்குங்க” என்றாள் செல்லம்மா அக்கா. வெறும் வயிற்றோடு பாறையைக் குடைய யாரால் முடியும்? ஆண்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள், கேஜ் நின்றது, கேஜ் நின்றதும் மேலதிகாரி ஓடிவந்தார், அவர் போட்ட அதட்டலில் டிப்போ கிளார்க் தன் பெரிய நோட்டைத் தூக்கிக்கொண்டு ஷாப்ட் வாசலுக்கே வந்து சேர்ந்தார். வந்தவர் முதல் தடவையாகத் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்து, “உன் பேரு இன்னாம்மா?” என்று கேட்டார்.

“ரோசம்மா. அழுத்தி எழுது சார்.”

அப்பா திருந்திவிட்டார் என்று கதை விட மாட்டேன். குடித்தார், ஆனால் டிப்போவுக்கு இப்போது அம்மாவே போனதால் சோளத்தில் கைவைக்க முடியவில்லை. அன்றிலிருந்து அம்மா எங்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள், எங்கள் பங்கு கொஞ்சம் குறைந்தது, அதற்காக நான் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சுரங்கத்தை மூடிவிட்டார்கள், இன்று ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதில்லை. கேஜ் இல்லை, ஷிப்டு இல்லை, டிப்போ இருந்த இடத்தில் முள்செடி. காற்றடித்தால் சயனைட் மேடு மட்டும் பழையபடி கண்ணில் வந்து விழுகிறது. அந்தக் கார்டு என்னிடம்தான் இருக்கிறது. அப்பாவின் பேர் மங்கி, இருக்கிறதா இல்லையா என்று ஆகிவிட்டது. அதற்குக் கீழே கிளார்க் பயந்துபோய் அழுத்தி எழுதிய எழுத்து, அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் தடவினால், இன்னும் விரலில் தட்டுகிறது.