தலைகீழ் அம்புகள்

எங்கள் வானிலை அலுவலகத்தில் அவரை அம்புக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். ஆளைப் பார்த்தால் கொசுவைக்கூட அடித்தவர் மாதிரி தெரியாது. தினமும் காலையில் ஊர்ப் படத்தில் காற்றை அம்புகளாக வரைவது அவர் வேலை. வேகக் காற்றுக்கு நீள அம்பு, சோம்பேறிக் காற்றுக்குக் குட்டை அம்பு. மேற்குக் காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது. அதனால் அம்பின் முனை கிழக்கே பார்க்கும். இத்தனை வருஷத்தில் யாரும் இதற்காகத் தலையைப் பிய்த்துக்கொண்டதில்லை.

புதிதாக வந்த மேலதிகாரி பிய்த்துக்கொண்டார். "மேற்குக் காற்றுன்னு எழுதியிருக்கு, அம்பு கிழக்கே பாக்குது. வெளிய நாலு பேர் பாத்தா சிரிக்க மாட்டாங்களா?"

அம்புக்காரர் வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். திறந்தார். "சரிங்க சார்" என்றார்.

மறுநாளே அம்புகள் எல்லாம் திரும்பி நின்றன. தீயணைப்பு நிலையத்துக்குப் போகும் படத்திலும்தான். இனி அம்பு காற்று வரும் பக்கத்தைக் காட்டும் என்று ஓரத்தில் ஒரு வரி குறிப்பாவது எழுதுங்கள் என்றேன். "எதுக்குப்பா, படத்தோட அழகு கெட்டுடும்" என்றார். அழகு கெடக் கூடாது, பாருங்கள்.

அந்த வாரமே ஐஸ் தொழிற்சாலையில் குழாய் வெடித்து வாயு கசிந்தது. கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயு. காற்று அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டிருந்தது. எங்கள் அழகான படமோ மேற்கே தள்ளுவதாகச் சொன்னது. தீயணைப்புக்காரர்கள் படத்தை நம்பி, "எல்லாரும் கிழக்கே போங்க" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

தொழிற்சாலைக்கு அடுத்த தெருவில்தான் அம்புக்காரரின் வீடு. செய்தி வந்ததும் மனுஷன் ஆடிப்போய்விட்டார். மனைவிக்குப் போன் போட்டவர் அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட, அந்த அம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"நீ கிழக்கே போகாத. மேற்கே போ, ஓடு!"

"மைக்ல கிழக்கேன்னு சொல்றாங்களே?"

"படம் தலைகீழா இருக்கு."

"நீங்க போட்ட படமா?"

இவர் மேலதிகாரியைப் பார்த்தார். மேலதிகாரி மின்விசிறியைப் பார்த்தார்.

"அப்ப இங்க இருக்கிற மத்தவங்க?" என்றார் அந்த அம்மா. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தெருவைப் பார்த்து அவர் கத்தியது எங்களுக்கு அப்படியே கேட்டது. "யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க! படம் போட்டது எம் புருஷன்தான். தப்பாப் போட்டுட்டாராம். எல்லாரும் மேற்கே வாங்க!"

அதற்குப் பிறகுதான் அம்புக்காரர் மேலதிகாரியின் அனுமதி இல்லாமல் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். நல்லவேளை, நாலைந்து பேர் இருமியதோடு போயிற்று. மேலதிகாரி, அம்புகளைக் கவனமாகப் போடும்படி எங்கள் எல்லோருக்கும் அறிவுரை சொன்னார். வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே.

அன்று வீட்டில் நடந்ததை மறுநாள் அம்புக்காரரே சொன்னார். மனைவி சண்டை போடவில்லையாம். சாப்பாட்டைப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாராம்.

"நான் அந்தத் தெருவுல இல்லன்னா, யாருக்காவது போன் பண்ணியிருப்பீங்களா?"