கறிவேப்பிலைக்கு இடம் கேட்டேன்

செடி வைத்தியம் தூக்கத்திலேயே பார்க்க வேண்டிய தொழில். இலவசமாகத் தோட்ட யோசனை சொல்லி மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரவெல்லாம் மவுண்ட் வெல்லிங்டன் பகுதிக் கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டுக் காலை எட்டுக்குப் படுப்பேன். ஒன்பதுக்கு ஃபோன்: "அண்ணா, மிளகாய் இலை சுருண்டுடுச்சு." நான் இதைப் படித்தவனில்லை. ஒரு கறிவேப்பிலைச் செடியை ஆக்லாந்து குளிரில் எட்டு வருஷம் சாகாமல் காப்பாற்றினேன், அவ்வளவுதான் தகுதி. இந்த மே மாதம், நான் இருந்த பாபகூரா வாடகை வீட்டை விற்கப் போவதாக ஓனர் சொல்லிவிட்டார். கிடைத்த புது அறையில் வெயில் எட்டிப் பார்க்காது. செடிக்கு ஓர் இடம் வேண்டும். வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களிடமே கேட்டுப் பார்ப்போம் என்று புறப்பட்டேன்.

ஆடியில் போட்ட புடலை

கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் முருகேசன், போன வருஷம் ஊர் காலண்டரைப் பார்த்து ஆடி மாதத்தில் புடலை விதை போட்டுவிட்டு, முளைக்கவில்லை என்று புலம்பினார். இங்கே ஆடி என்றால் நடுக்குளிர், மண்ணுக்குள் விதை அழுகிப்போகும். "அக்டோபர் வரை பொறுங்க. அப்புறம் விதையை ஈரத்துணியில் சுற்றி, வெந்நீர் சிலிண்டர் இருக்கிற கதகதப்பான அலமாரியில் நாலு நாள் வையுங்க" என்றேன். முளைத்தது. கை நீளப் புடலங்காயோடு அவர் படம் எல்லா வாட்ஸப் குழுவிலும் வந்தது. என் பெயர் எதிலும் வரவில்லை. செடியை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டபோது சொன்னார்:

"இடமெல்லாம் இருக்குண்ணா, ஆனா வாசல்ல புதுசா மரத்துல டெக் போட்டிருக்கோம். தொட்டி வச்சா கறை படியும்னு வீட்ல சொல்றாங்க."

நத்தைக்குப் பார்ட்டி

ராஜி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். அவர் முளைக்கீரையை நத்தை தின்றது. தயிர் டப்பா மூடியை மண் மட்டத்துக்குப் புதைத்து, சாயங்காலம் பியர் ஊற்றி வைக்கச் சொன்னேன். "பியரோ தம்பி? வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுக்குள்ள பியர் போத்தலோ?" என்று அதட்டினார். சரி என்று, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டோடு சர்க்கரையும் வெதுவெதுப்பான தண்ணீரும் கலக்கச் சொன்னேன். நத்தைக்கு வித்தியாசம் தெரியவில்லை, கூட்டமாய் வந்து விழுந்தது. அவரிடமும் கேட்டேன்.

"எனக்கு விருப்பம்தான் தம்பி. ஆனா நாங்களும் வாடகைக்குத்தானே இருக்கிறம், எங்களை எப்ப எழும்பச் சொல்லுவினமோ தெரியாது."

கண்ணாடி அறை

எப்சமில் விஜயா மேடம் வீட்டில் கண்ணாடி போட்ட அறை உண்டு, நாளெல்லாம் வெயில். முன்பு அவர் எலுமிச்சையில் செதில் பூச்சி அப்பியபோது, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வேப்பெண்ணெயும் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பும் கலந்து துடைக்க வைத்துக் காப்பாற்றியிருந்தேன். கேட்டதும், "கொண்டாங்கண்ணா" என்றார். அன்றைக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. நண்பர் வேனில் தொட்டிக்கு சீட் பெல்ட் போட்டு எடுத்துப் போனேன். தொட்டியில் ஒரு தாளும் ஒட்டினேன்: குளிரில் இலை பறிக்கக் கூடாது. மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். புளித்த மோர் கோடையில் மட்டும், அதுவும் பத்துப் பங்கு தண்ணீரோடு.

ஜூலையில் ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் ஃபோன், செடி துளிர்க்கவே இல்லையாம். பையன் பிறந்தநாளுக்கு அறுபது பேர் வந்தார்களாம். ஒரு இலை விடாமல் உருவிவிட்டார். மறுநாள் செடி மொட்டையாய் நிற்கப் பாவமாக இருந்ததாம், ஊரில் அம்மா செய்வதுபோல நாலு நாள் கெட்டி மோர் ஊற்றியிருக்கிறார். "அந்தப் பேப்பர்?" என்றேன். "அது பார்க்க நல்லால்லைன்னு விருந்துக்கு முன்னாடியே கிழிச்சுட்டேனே."

ரயிலும் பஸ்ஸும் மாறிப் போனேன். தண்டை நகத்தால் கீறினேன், உயிர் இருந்தால் பச்சை தெரியும். பழுப்பு. இன்னும் கீழே கீறினேன், பழுப்பு. மண்ணிலிருந்து புளித்த வாடை. பழையபடி இதுபோல் ஒன்று வளர எவ்வளவு நாளாகும் என்று மேடம் கேட்டார். எட்டு வருஷம் என்றேன்.

"ஐயோ, அவ்ளோ நாளா? கடையில ஃப்ரோஸன் கிடைக்குதே, அதையே வாங்கிக்கிறேன்."

இப்போதும் காலை ஒன்பதுக்கு ஃபோன் அடித்தால் எடுத்துவிடுகிறேன். அவர்கள் செடியாவது பிழைக்கட்டும், எனக்குத்தான் தூக்கம் போய்விட்டதே.