சக்கரம் சேராத அளவு

பெட்டி டாக்டரைத் தெரியாதவர்கள் அந்தக் கடைத்தெருவில் கிடையாது. ஒல்லியான ஆள், கழுத்தில் அளவு நாடா, காதில் பென்சில். விமானத்தில் போய் அடிபட்டு வந்த பெட்டிகளுக்கு முப்பது வருடமாக வைத்தியம் பார்ப்பவர். கைப்பிடி பிய்ந்தது, ஜிப் வாய் பிளந்தது, மூலை நசுங்கியது என்று வாரத்துக்கு இருபது நோயாளிகளாவது வருவார்கள். விமானத்தின் வயிற்றுக்குள் போட்ட பெட்டி என்ன பாடுபடும் என்பது, ஒருமுறைகூட விமானம் ஏறாத அவருக்குத்தான் அத்துப்படி.

வெளிநாடு போகிறவர்கள் கைப்பெட்டியைக் கொண்டுவந்து, இதை உள்ளே விடுவார்களா என்று கேட்பார்கள். நாடாவை இழுத்துப் பார்த்துவிட்டு, "கண்ணை மூடிக்கிட்டு போங்க" என்பார். அந்த அளவில் ஒரு சங்கதி உண்டு. பெட்டியின் உடம்பைத்தான் அளப்பார், சக்கரத்தைச் சேர்க்க மாட்டார். அவர் தொழில் கற்ற பட்டறையில் அதுதான் வழக்கம். உடம்பை அங்கே தைப்பார்கள். சக்கரம் வேறெங்கிருந்தோ வந்து கடைசியில் ஒட்டிக்கொள்ளும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் வீட்டுப்பாடம் எழுதும் மகள் ஒருநாள் கேட்டாள். "சக்கரமும் சேர்ந்துதானேப்பா பறக்கும்?"

"செருப்போட நிக்கவச்சு யாராவது உயரம் அளப்பாங்களாடி?" என்றார். பிள்ளை மறுபடி வீட்டுப்பாடத்தில் குனிந்தாள்.

அந்தப் பிள்ளை வளர்ந்து, தனக்குப் பிடித்தவரை அப்பாவின் விருப்பத்துக்கு மாறாகக் கல்யாணம் செய்துகொண்டு வெளிநாடு கிளம்பினாள். கிளம்புகிற அன்று கடை வாசலில் வந்து நின்று, எனக்கு ஒரு பெட்டி வேண்டும் என்று மட்டும் கேட்டாள். பெட்டி டாக்டர் தலை நிமிரவில்லை. "கடையில விக்குது, வாங்கிக்க."

மூன்றே வார்த்தை. நாலு வருடத்தைத் தின்றுவிட்டது.

வாங்கிய பெட்டி வழியிலேயே பிளந்து, கயிறு கட்டித்தான் போய் இறங்கினாளாம். ஃபோனில் பேசிவிட்டு மனைவிதான் இதைச் சொன்னாள். ஊரார் பெட்டியையெல்லாம் தைத்தவன் மகளுக்குக் கயிறா! அந்தக் கயிறு அன்று அவர் நெஞ்சைச் சுற்றி இறுகியது.

இப்போது பேத்தி பிறந்து ஆறு மாதம். மகள் இரண்டு டிக்கெட் அனுப்பினாள். நான் வரவில்லை என்று மூன்று நாள் முறுக்கிக்கொண்டார். நாலாம் நாள் மதியம் மனைவி சாப்பாடு கொண்டுபோனபோது, நீலக் கான்வாஸை வெட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்றரை மாதம் இழைத்தார். இரட்டைத் தையல், மூலைக்குத் தோல், சக்கரத்துக்கு ரிவிட் அடிக்காமல் கழற்றி மாட்டும் ஸ்க்ரூ. உயரம் ஐம்பத்தைந்து சென்டிமீட்டர், விமான கம்பெனி சொன்னபடியே, நூல் பிசகில்லை. குழந்தைக்குப் பின்னிய கம்பளிச் சட்டைகளை மனைவி அதில் திணித்தாள்.

விமான நிலையத்தில் கவுண்டர் பெண், பெட்டியை, கைப்பெட்டி அளக்கும் ஓர் இரும்புக் கூண்டில் இறக்கிக் காட்டச் சொன்னாள். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இறக்கினார். பெட்டி அடிவரை போய் நின்றது. இரண்டு விரல் உயரம் வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"சக்கரத்தோட சேர்த்துத்தான் சார் அளவு."

அவர் தன் செருப்பு நியாயத்தை எடுத்து விட்டார். அவள் சிரிக்காமல் சொன்னாள்: "செருப்பும் ஃப்ளைட்டுல இடம் பிடிக்கும் சார்."

வரிசையில் பின்னால் நின்ற கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்தார். "நீங்க பெட்டி டாக்டர்தானே? என்னையும் கண்ணை மூடிக்கிட்டு போகச் சொன்னீங்க. போன வருஷம் இதே இடத்துலதான் தொறந்தேன்."

கீழே விமானத்தின் வயிற்றில் போட்டுவிடலாம், பத்திரமாக வந்துவிடும் என்று கவுண்டர் பெண் சமாதானம் சொன்னாள். யாரிடம்? பத்திரமாக வந்த பெட்டிகளை வைத்தே முப்பது வருடம் குடும்பம் நடத்தியவரிடம்! மகள் மறுபடியும் கிழிந்த பெட்டியின் முன்னால் நிற்பதா? பெட்டியைக் கட்டிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. நான் திரும்பிப் போகிறேன், நீ மட்டும் போய் வா என்று மனைவியிடம் சொல்லிவிட்டார்.

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்க, அந்தச் சக்கரத்தை மாட்டினது நீங்கதானே? மாட்டினவருக்குக் கழட்டத் தெரியாதா?"

ஸ்க்ரூடிரைவர் இல்லை. கையில் கொண்டுபோகக் கூடாதென்று வீட்டிலேயே வைத்துவிட்டார். மனைவி பர்ஸைத் துழாவி ஒரு நாணயத்தை நீட்டினாள். பெட்டி டாக்டர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஆபரேஷனைத் தொடங்கினார். சக்கரம் நாலு, ஸ்க்ரூ பதினாறு. கண்ணாடிக்காரர் முறைத்துக்கொண்டே பெட்டியைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டாவது ஸ்க்ரூ வந்தபோது வரிசையே சத்தமாக எண்ணியது.

பெட்டி கூண்டுக்குள், தொட்டிலில் போட்ட குழந்தை மாதிரி இறங்கியது. பெட்டியில் இடமில்லாததால் சக்கரங்களும் ஸ்க்ரூக்களும் அவர் பேன்ட் பாக்கெட்டுக்குப் போயின. சோதனை செய்த காவலர் அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்துவிட்டு, வேறு ஏதாவது உதிரி பாகம் உண்டா என்று விசாரித்தார்.

இறங்கிய இடத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் மகள், இடுப்பில் குழந்தையோடு. பேசுவதற்கு வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். பெட்டியைத் தோளில் சுமந்தபடி நின்றார்.

அவள் பெட்டியைப் பார்த்தாள். அடியில் இருந்த ஓட்டைகளைப் பார்த்தாள். புடைத்திருந்த பாக்கெட்டைப் பார்த்தாள்.

"இன்னும் செருப்பில்லாமத்தான் உயரம் அளக்கறீங்களாப்பா?"

"நீ கேட்ட பெட்டிம்மா," என்றார். "கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அவள் பர்ஸில் அந்த ஊர் நாணயம் ஒன்றைத் தேடி எடுத்தாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் சுற்றிக்கொண்டு போக, அப்பாவும் மகளும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சின்ன வயதில் செய்ததுபோல அவள் ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். மூன்று சக்கரத்தை அவர் மாட்டினார். நாலாவதை அவளே முடுக்கினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் முடுக்கினாள்.

பெட்டியை நிமிர்த்தி வைத்த பெட்டி டாக்டர், கழுத்து நாடாவை இழுத்துத் தரையிலிருந்து மேல்வரை அளந்தார்.

"ஐம்பத்தொன்பது," என்றார், மகளைப் பார்த்து.