கடைசிப் பதினாறு பக்கம்

எனக்குப் புத்தகப் பைத்தியம் பிடித்தது பள்ளிக்கூடத்தால் அல்ல, டீ கப்பால். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன.

அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பேக்கிங் ஷெட்டில் வேலை பார்த்தேன். அப்பா அதே பட்டறையில் சூளைக்குத் தீ போடுகிறவர். எங்கள் ஷெட்டில் என்னோடு சேர்த்து ஆறு பெண்கள். மரப்பெட்டியில் வைக்கோலைப் பரப்பி, ஒவ்வொரு கப்பையும் காகிதத்தில் சுற்றி அடுக்கி, மேலே ஆணி அடித்துத் தர வேண்டும். காகிதம் என்றால் பழைய புத்தகம்தான். எடைக்கு வாங்கிய புத்தகங்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து ஷெட் மூலையில் கொட்டிவிட்டுப் போவார்கள்.

கிழிப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் அட்டையைப் பிய்த்துத் தனியாக வைக்க வேண்டும். பெட்டிக்குள் அடுக்குக்கு அடுக்கு நடுவில் வைக்க அது உதவும். பிறகு புத்தகத்தைக் கவிழ்த்துப் பிடித்து, கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிக் கிழித்துக்கொண்டே வர வேண்டும். அப்படித்தான் கைக்கு வாகு. அதனால் நான் படித்த முதல் துப்பறியும் கதையில் கொலைகாரன் முதலில் பிடிபட்டான். அப்புறம்தான் கொலை நடந்தது. கொலை நடப்பதற்குள் பெட்டி நிறைந்துவிட்டது.

என்னென்னவோ வரும். மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன கொடுப்பது, கைரேகை பார்ப்பது எப்படி, வானத்தில் எந்த நட்சத்திரம் எங்கே இருக்கிறது, ஏதோ ஒரு தேசத்து ராணியை ஏன் சிறையில் போட்டார்கள். ஒரு கப்புக்கு ஒரு தாள். சுற்றுவதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் படிப்பு. எல்லாமே பாதிச் சாப்பாட்டில் இலையை எடுத்த கதை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

"படிக்க வந்தியா, கப்பு சுத்த வந்தியா?" என்று மேஸ்திரி கத்துவார். "இன்னொரு வாட்டி கையில புத்தகத்தப் பாத்தன், பொட்டியோட சேத்து உன்னையும் ஆணி அடிச்சி அனுப்பிடுவேன்."

முழுசாகப் படிக்க லைப்ரரிதான் வழி. ஆனால் கார்டு வேண்டுமென்றால் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஒரே ஆள், தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த என் அண்ணன். அவனிடமும் ஒரு கார்டு இருந்தது. சனிக்கிழமை தவறாமல் ராஜா கதை எடுத்து வருவான். குதிரைக் குளம்பொலி இல்லாத புத்தகத்தைத் தொடக்கூட மாட்டான். எனக்குக் கையெழுத்துப் போடச் சொன்னதும் சாமி ஏறினவன் மாதிரி ஆடினான்.

மூன்று மாதம் கெஞ்சினேன். இரண்டு நாள் சாப்பிடாமல்கூடக் கிடந்தேன். கடைசியில் போட்டான், பேனாவை மூடும்போதே விரலை நீட்டினான்.

"இதோ பாரு. ஒரு புத்தகம் தொலஞ்சாலும் சரி, ஒரு பக்கம் கிழிஞ்சாலும் சரி, ஆபீசுல நாறப்போறது என் பேரு. அன்னியோட உன் கார்டு குளோஸ். அப்புறம் லைப்ரரி பக்கம் உன் நெழல்கூட விழக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். அந்த நேரத்தில் அவன் கிணற்றில் குதிக்கச் சொல்லியிருந்தாலும் சம்மதம்தான்.

ஒரு கார்டுக்கு ஒரு புத்தகம், பதினாலு நாள் தவணை. எதை எடுப்பது என்று சொல்லித்தர யாரும் இல்லாததால் முதல் அலமாரியின் இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். தேனீ வளர்ப்பு, ஒரு டாக்டரின் நாட்குறிப்பு, பேய்க்கதை, கடிதங்களாகவே எழுதப்பட்ட ஒரு நாவல். தேனீப் புத்தகத்தை எரிச்சலோடுதான் எடுத்தேன். முடித்தபோது ராணித் தேனீயை நினைத்து அழுதேன். இப்படியும் உண்டா என்று இருந்தது. இத்தனை நாள் கதை என்றால்தான் புத்தகம் என்று நினைத்திருந்த என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

அப்படி வந்ததுதான் அந்தப் பயணப் புத்தகம். பாலைவனத்தில் உப்பு வியாபாரிகளோடு ஒட்டகத்தில் போன ஒருவர் எழுதியது. எண்பது ஒட்டகம். வழியில் இரண்டு கிணறு வறண்டு போயிருக்கிறது. மூன்றாவது கிணற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் எல்லோரும் சாக வேண்டியதுதான். அந்தக் கூட்டத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே வரும் ஒரு கிழவர் மீது எனக்கு உயிர். பதினாலாம் நாள் வந்துவிட்டது, இன்னும் பதினாறு பக்கம் பாக்கி. சாயங்காலம் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். மத்தியானச் சோற்று வேளையில் முடித்துவிடலாம் என்று பட்டறைக்கே எடுத்துக்கொண்டு போனேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்று அப்போது தெரியவில்லை.

சோற்று வேளை தொடங்கியதும் காகிதக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பிரித்தேன். தூரத்தில் கிணற்று மேடு தெரிகிறது. கிழவர் பாட்டை நிறுத்திவிட்டார். அந்த நேரம் பார்த்து மேஸ்திரியின் செருப்புச் சத்தம். புத்தகத்தைக் குவியலுக்குள் செருகிவிட்டு எழுந்து நின்றேன். புத்தகத்தை ஒளிக்கப் புத்தகக் குவியலைவிட நல்ல இடம் எது? என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"ஏ புள்ள, சூளை பிரிக்கிறாங்க, ஆளு பத்தல. ஓடு," என்றார்.

மறுத்துப் பேச முடியுமா? ஓடினேன். ஒன்றரை மணி நேரம் சூடு ஆறாத ஜாடிகளைத் தூக்கிக் கீழே வைத்துக்கொண்டிருந்தேன். உடம்புதான் அங்கே. மனசு முழுக்க அந்தக் குவியலில். அப்பாகூட, "என்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்று கேட்டார். அனல் என்றேன்.

திரும்பி வந்தபோது குவியல் பாதியாகக் குறைந்திருந்தது. வாசலில் மாட்டு வண்டி முதல் நடையாகப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஜங்ஷனுக்குப் போய்விட்டிருந்தது. குவியலைக் கையால் கிளறினேன். இல்லை. எங்கள் ஷெட் பெண்களில் மூத்தவளான அக்காவின் பக்கத்தில் பிய்த்த அட்டைகள் அடுக்கியிருந்தன. மேலாக இருந்த அட்டையில் லைப்ரரியின் நம்பர் சீட்டு.

"அக்கா! இந்த அட்டைக்குள்ள இருந்த புத்தகம் எங்க?"

"கப்புல," என்றாள் அக்கா. அவளுக்குப் படிக்கத் தெரியாது. "நல்ல தாளா இருந்திச்சி, மொடமொடன்னு. ஏண்டி இப்படி முழிக்கிற?"

"அது லைப்ரரி புத்தகம் அக்கா. இன்னிக்கித் திருப்பிக் குடுக்கணும்."

அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். கார்டு கதை, அண்ணன் போட்ட நிபந்தனை எல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் கட்டிய பெட்டி மூன்று. ஒன்று வண்டியில் போய்விட்டது. மற்ற இரண்டும் ஆணி அடித்து வாசலில் நிற்கின்றன, அடுத்த நடைக்கு.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் வேலை பிழைக்கும், கார்டு போகும். வாயைத் திறந்தால் வேலையும் போகலாம். நிஜமாகச் சொல்கிறேன், அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நேராக மேஸ்திரி முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "பொட்டியத் தொறக்கணுமா? வண்டி திரும்பி வந்துகிட்டு இருக்குது. கூட்ஸு போயிடுச்சின்னா மொதலாளிக்கு எவ பதில் சொல்றது? நீயா?"

"நான் சொல்றேன் மேஸ்திரி," என்றாள் அக்கா. ஆணி பிடுங்கும் கம்பி ஏற்கெனவே அவள் கையில் இருந்தது. "கிழிச்சது நான்தான? வண்டி வர்றதுக்குள்ள திருப்பிக் கட்டிடறோம். இல்லன்னா என்னைய அனுப்பிடுங்க."

மேஸ்திரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வண்டி மாடு கேட்டுக்குள்ள கால வைக்கும்போது ரெண்டு பொட்டியும் மூடியிருக்கணும்," என்று சொல்லிவிட்டு வாசலில் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

ஆறு பேரும் விழுந்தோம். ஆணி கழன்றது, வைக்கோல் பறந்தது. ஒருத்தி கப்பை எடுக்க, ஒருத்தி தாளை உருவ, ஒருத்தி வேறு தாளில் சுற்றினாள். என் புத்தகத்தின் தாள் எது, மற்றது எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியது என் வேலை. அவசரத்தில் எழுத்தே தெரியவில்லை. ஒட்டகம் என்று கண்ணில் பட்டால் எடு, கிணறு என்று பட்டால் எடு. ஒரு கப் கீழே விழுந்து உடைந்தது. மேஸ்திரி திரும்பவில்லை. கடைசி ஆணி இறங்கும்போது மாட்டின் சலங்கை கேட்டுவிட்டது.

தாள்களை மடியில் போட்டு வரிசைப்படுத்தினேன். முதல் பக்கத்திலிருந்து எல்லாம் இருந்தது. கடைசிப் பதினாறு பக்கம் மட்டும் இல்லை. பின்னாலிருந்து கிழிப்பதுதானே எங்கள் முறை? அந்தப் பதினாறும் முதல் பெட்டியில் ஜங்ஷனுக்குப் போய்விட்டது. நான் படிக்காத பதினாறு.

வீட்டுக்கு வந்து தாள்களைக் கையாலேயே நீவினேன். பாய் தைக்கும் ஊசியால் தைத்தேன். அண்ணன் ஆபீஸ் விட்டு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். வேறு யாராவது சொல்லி அவன் கேட்பதை என்னால் தாங்க முடியாது.

அவன் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. புத்தகத்தை வாங்கிப் புரட்டினான். "கெளம்பு," என்றான்.

ஸ்டேஷன் ரோடு முழுக்க அவன் முன்னால், நான் பின்னால். இவ்வளவுதான், இனி வாழ்நாள் பூராவும் கப்புத் தாள்தான் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். கண்ணைத் துடைத்துத் துடைத்து முந்தானை நனைந்துவிட்டது.

லைப்ரரியன் புத்தகத்தை மேஜையில் வைத்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினார். "கடைசி பக்கங்க காணோமே. கார்ட ரத்து பண்ணித்தான் ஆகணும். ரூல்ஸு," என்றார். என் கார்டைத் தேடி எடுத்தார்.

அண்ணன் தன் சட்டைப் பையில் கைவிட்டு எதையோ எடுத்து மேஜையில் வைத்தான். அவனுடைய கார்டு.

"ரத்து பண்ணுங்க சார். ஆனா இத. ஜாமீன் நான்தான? புத்தகத்துக்குப் பொறுப்பும் நான்தான். அவளோடத வுட்டுடுங்க."

"ஏங்க, சனிக்கெழம தவறாம வர்ற ஆளு நீங்க!"

"இனிமே அவ வருவா," என்றான்.

லைப்ரரியன் என் கார்டைத் திரும்ப உள்ளே வைத்தார். பிறகு அண்ணனுடையதை எடுத்து மேலே குறுக்கே கோடு போட்டார்.

திரும்பி வரும்போதும் அவன் முன்னால், நான் பின்னால். எனக்கு நன்றி சொல்ல வரவில்லை. அண்ணன் தங்கைக்குள் அந்த வார்த்தை ஏது? எங்கள் தெரு முனையில்தான் வாய் திறந்தேன், அதுவும் சம்பந்தமே இல்லாமல்.

"அண்ணே, அந்தக் கெணத்துல தண்ணி இருந்திச்சா இல்லியான்னு தெரியாமலே போயிடுச்சி."

அவன் நடையை நிறுத்தாமல் சொன்னான். "இருந்திச்சி. நீ தூங்கினப்புறம் நான் எடுத்துப் படிச்சிட்டேன். நெறைய தண்ணி. எல்லாரும் பொழச்சிக்கிட்டாங்க."

"அந்தக் கெழவரு?"

"அவருந்தான். வா, பசிக்குது."

அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் ஒரே கார்டு, ஒரே புத்தகம். ஒரு தவணை குதிரை, ஒரு தவணை என் இஷ்டம். அவன் முணுமுணுத்துக்கொண்டே பேய்க்கதை படித்தான், கோழி வளர்ப்பு படித்தான். நானும் ராஜாக்களைப் பொறுத்துக்கொண்டேன். பிறகு எனக்குக் கல்யாணமாகிப் பெண்ணாடம் போனேன்.

ஏழு வருஷம் கழித்து, பெண்ணாடத்து லைப்ரரியில் அதே புத்தகம், அட்டை கசங்காமல், அலமாரியில் நின்றது. எடுத்த இடத்திலேயே நின்றுகொண்டு கடைசிப் பதினாறு பக்கத்தைப் படித்தேன்.

கிணற்றில் தண்ணீர் இல்லை. எண்பது ஒட்டகத்தில் ஒன்பதுதான் ஊர் திரும்பியது. கிழவரை அந்தக் கிணற்று மேட்டிலேயே புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பொய்யன்! அத்தனை பெரிய பொய்யை எப்படி அவ்வளவு சுலபமாகச் சொன்னான்? ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி விருத்தாசலம் போய் இறங்கினேன். அண்ணன் வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தான். வா என்று அவன் சொல்வதற்குள் புத்தகத்தை அவன் முன்னால் நீட்டினேன்.

"நீ படிக்கவே இல்லல்ல?"

அட்டையைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. துணியைக் கீழே போட்டான். "இல்ல," என்றான்.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினான். படியில் உட்கார்ந்து பின்பக்கத்திலிருந்து எண்ணிப் பதினாறாம் பக்கத்தைப் பிரித்தான். நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். அவன் மெதுவாகப் படித்தான். ஒவ்வொரு பக்கமாக. முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடவில்லை.

"உனக்குச் சொன்னத எனக்கே சொல்லிச் சொல்லி," என்றான், என்னைப் பார்க்காமல், "இத்தினி வருஷமா நானும் தண்ணி இருந்திச்சின்னே நெனச்சிக்கிட்டு இருந்துட்டேன்."