ஐந்து பேர் ஏறினால் உரசும் கார்

மாப்பிள்ளை இருந்தார். காருக்குச் சொந்தக்காரர்.

சம்பந்தி இருந்தார். சேர் போட்டு உட்கார்ந்திருந்தார்.

சம்பந்தியம்மா இருந்தார். உலக்கை அவருடையது.

மாப்பிள்ளையின் தங்கை இருந்தாள். செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு.

என் மகள் சரண்யா இருந்தாள். எடைக்கு.

நான் இருந்தேன். வேலைக்கு.

கட்டுத்தறியில் ஒரு மாடும் இருந்தது. அதை அன்று நான் கணக்கில் எடுக்கவில்லை.

எடைக்கா... மகளா... என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

போன சனிக்கிழமை. ஓமலூர் பக்கம், சம்பந்தி வீட்டு வாசல். நடுவில் கார். கல்யாணத்தில் நான் சீராகக் கொடுத்தது. செகண்ட் ஹேண்ட்தான். ஆனால் நல்ல வண்டி. நான் லாரி ஓட்டியவன். வண்டி பார்த்து வாங்குவேன். மகள் பஸ்ஸில் நின்றுகொண்டு போகக் கூடாது. அதற்குத்தான் கொடுத்தேன்.

கொடுத்தபோது அந்தக் கார் எந்தச் சத்தமும் போடவில்லை. மாப்பிள்ளைக்கு மேட்டூரில் கம்பெனி வேலை. கூட வேலை செய்கிறவர்கள் காருக்கு அகல டயர் போட்டார்களாம். இவரும் போட்டார். அலாய் வீல் மாட்டினார். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினார். பார்க்க ஜோர்தான். ஆனால் பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் வண்டி அமுங்குகிறது. டயர் போய் ஃபெண்டரில் உரசுகிறது. ஸ்பீடு பிரேக்கர் ஏறினால் 'கர்ர்ர்'... ரப்பர் கருகுகிற வாசனை.

ஃபெண்டர் என்றால் சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகடு. அதன் ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். கத்தி மாதிரி. டயரை அறுப்பது அதுதான்.

நாலு பேர் போனால் உரசாது. ஐந்து பேர் போனால் உரசும். அந்த வீட்டில் ஐந்து பேர். யார் இறங்குவது?

மாப்பிள்ளை ஓட்ட வேண்டும். சம்பந்தி முன் சீட்டில் உட்கார வேண்டும். சம்பந்தியம்மா இல்லாமல் ஒரு விசேஷம் உண்டா? தங்கை கல்யாணத்துக்கு நிற்கிற பெண், நாலு இடத்தில் தலை காட்ட வேண்டும். மிச்சம் யார்? எட்டாவது வரைக்கும் படித்திருந்தால் இந்தக் கணக்கு வந்துவிடும். நான் படித்தது அவ்வளவுதான்.

"அப்ப நான் பஸ்ஸுல வாரேனுங்க அத்தை" என்று ஒரு தடவை சரண்யா கேட்டிருக்கிறாள்.

"கார் வெச்சிருக்கற ஊட்டு மருமவ பஸ்ஸுல போனா ஊருக்குள்ள என்ன பேசுவாங்க?" என்று பதில் வந்திருக்கிறது.

பஸ்ஸில் போகக் கூடாது, கார் இருக்கிறது. காரில் போக முடியாது, டயர் உரசுகிறது. ஆடிக்கு அவள் வரவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. நான் நேரில் போய்க் கூப்பிட்டேன். "நீங்க எதுக்கு அலையறீங்க, நாங்களே கார்ல கூட்டியாறோமுங்க" என்று காபி கொடுத்து அனுப்பினார்கள்.

என் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. வாக்கர் பிடித்து வீட்டுக்குள்தான் நடை. நாமக்கல்லில் இருந்து ஓமலூருக்கு அவள் போக முடியாது. மகள்தான் வர வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராசிபுரத்தில் சம்பந்தி வீட்டு உறவில் ஒரு கல்யாணம். அங்கிருந்து எங்கள் ஊர் பக்கம். "சாயந்திரம் அப்படியே உங்க ஊட்டுக்கு வந்துட்டுப் போறோமுங்க" என்று சம்பந்தி போனில் சொன்னார்.

"சரண்யா?"

"அந்த டயரு உரசுதுங்களே சம்பந்தி..."

நான் சனிக்கிழமை காலையில் பஸ் ஏறிவிட்டேன்.

"பழைய டயரையே மாட்டிரலாமுங்களா மாப்ள?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"லுக்கே போயிருமுங்க மாமா." பட்டறையில் விட்டால் வண்டி நாளைக்குக் கிடைக்காது என்றார். ஒரு வீடியோ காட்டினார். வெளிநாட்டில் ஒருவன் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் பேஸ்பால் மட்டையைச் செருகி, காரை மெதுவாக உருட்டுகிறான். மட்டை அந்த விளிம்பை அழுத்தி மேலே மடக்கிவிடுகிறது.

மட்டைக்கு எங்கே போவது? உலக்கையைக் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, மஞ்சள் இடிக்கற உலக்கைங்க! அதைக் கொண்டுபோயி டயருக்குள்ள உடறீங்களே!" என்றார் சம்பந்தியம்மா.

"நீ மஞ்சள் இடிச்சு எந்தக் காலம் ஆச்சு? கொண்டா புள்ள" என்றார் சம்பந்தி, சேரில் இருந்தபடியே.

உலக்கைக்கு சைக்கிள் ட்யூப் சுற்றினேன். தங்கையின் ஹேர் டிரையரை வாங்கி விளிம்பைச் சூடாக்கினேன். சூடு இல்லாமல் மடக்கினால் பெயிண்ட் வெடிக்கும். அப்புறம் வண்டி அமுங்க வேண்டும்.

"பின்னால பாரம் வேணுமுங்க. நெல்லு மூட்டை ஏதாவது இருக்குதுங்களா?"

"மூட்டை எதுக்குங்க, சீட்டு அழுக்காயிரும்" என்றார் சம்பந்தி. "சரண்யாவை உக்காரச் சொல்லுங்க."

கதவைத் திறந்துவிட்டேன். "ஏறு சாமி" என்றேன்.

ஏறினாள். மாப்பிள்ளை காரைத் தள்ளினார். நான் உலக்கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டடி முன்னே. இரண்டடி பின்னே. தகடு முனகிக்கொண்டே மடங்கியது.

சரண்யா கண்ணாடியை இறக்கினாள். "அப்பா, இப்ப எந்த ஊருங்க?"

"இன்னும் ஓமலூரே தாண்டலை."

"ராசிபுரம் வந்தா எழுப்பி உடுங்க."

சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார். அந்த சீட்டில் அவள் உட்கார்ந்து எத்தனை மாதம் ஆகிறது என்று நான் கேட்கவில்லை.

இடது பக்கம் நன்றாக வந்தது. வலது பக்கம் அவசரப்பட்டேன். ட்யூப் விலகி, உலக்கையின் இரும்புப் பூண் பட்டுவிட்டது. 'டிக்'. நகக்கண் அளவுக்கு பெயிண்ட் தெறித்தது.

மாப்பிள்ளை குத்துக்கால் போட்டு உட்கார்ந்து அந்த இடத்தைத் தடவினார். "வெடிச்சிருச்சுங்களே மாமா..."

"அண்ணா, அழுதுறாத. வீடியோ ஓடுது" என்றாள் தங்கை.

ஐந்து பேரும் ஏறினார்கள். நான் வாசலில் நின்றேன். பள்ளிக்கூடத்து ஸ்பீடு பிரேக்கர் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். சத்தம் இல்லை. வாசனை இல்லை.

"கெட்டிக்காரருங்க நீங்க" என்று சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சரண்யா கடைசியாக இறங்கினாள். "அம்மாகிட்டச் சொல்லிருங்கப்பா. நாளைக்குச் சாயந்திரம் வாரேன்னு."

சொன்னேன். மறுநாள் என் மனைவி ஒரு கையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கச்சாயப் பலகாரம் சுட்டாள். மகளுக்குப் பிடிக்கும். உட்காரச் சொன்னால் கேட்டால்தானே?

சாயந்திரம் கார் வந்தது. எங்கள் தெருமுனையில் ஒரு ஸ்பீடு பிரேக்கர் உண்டு. ஊரிலேயே மோசமானது. காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். கார் ஏறி இறங்கியது. சத்தமே இல்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

கதவுகள் திறந்தன. மாப்பிள்ளை இறங்கினார். சம்பந்தி இறங்கினார். சம்பந்தியம்மா இறங்கினார். தங்கை இறங்கினாள்.

பின் சீட்டின் நடுவில் தாம்பூலப் பைகள் உட்கார்ந்திருந்தன.

வாக்கரோடு வாசலுக்கு வந்துவிட்டாள் என் மனைவி. "சரண்யா எங்கீங்க?"

"ஊட்டைப் போட்டுட்டு எல்லாரும் வந்துர முடியுங்களா அக்கா? மாட்டுக்குத் தண்ணி காட்ட ஒரு ஆளு வேணுமில்லீங்க" என்றார் சம்பந்தியம்மா. "அடுத்த தடவை கூட்டியாறோம். அதான் இப்ப டயரு உரசறதில்லையே!"

மாடு சனிக்கிழமையும் அங்கேதான் நின்றது. நான் உலக்கை பிடித்தபோது என்னைப் பார்த்துக்கொண்டுதான் நின்றது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் பெயிண்ட் போன இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரிக்கு ஸ்டெப்னி ஒன்றுதான். அதுவும் பஞ்சரானால் ரோட்டோரம் நிற்க வேண்டியதுதான். சாக்குப்போக்கு அப்படியா? ஒன்றைச் சரிசெய்து கொடுத்தால் அடுத்தது காற்றடித்துத் தயாராக இருக்கிறது. இது தெரியாமல் நான் உலக்கையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

கச்சாயம் நன்றாக இருந்ததாம். சம்பந்தி இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மிச்சத்தை என் மனைவி ஒரு டப்பாவில் போட்டு, துணி சுற்றி, என்னிடம் கொடுத்தாள். நான் கொண்டுபோய்ப் பின் சீட்டில், நடுவில், வைத்தேன். இடம் இருந்தது.

இப்போது ஐந்து பேர் ஏறினாலும் அந்தக் கார் உரசாது. நானே மடக்கியது.

கிளம்பும்போது எண்ணினேன். நாலு பேர்.