பீரோவின் இடது கதவு

ஓரிக்கையில் பீரோ பட்டறையில் பெயிண்ட் அடிக்கும் மாணிக்கவேல் குடியை விட்டு நாலு வருஷம் ஆகிறது. ஊரில் எவனும் நம்பவில்லை. நம்பாவிட்டால் போங்கடா என்று இருந்தவன்தான். ஆனால் எதிர்த்த அம்சா டீக்கடையில், அவன் பின்னால் நிற்பது தெரியாமல் முதலாளி கோதண்டபாணியே பத்துப் பேரிடம், "கை நடுங்குதுபா அவனுக்கு. பெயிண்ட்டு பூரா கொப்புளம். மறுபடி ஊத்திக்கினு இருக்கறான்" என்றபோது, பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டான்.

கொப்புளம் வந்தது நிஜம். முதலாளி மலிவாகக் கிடைத்ததென்று, பெயிண்ட் கன்னுக்குக் காற்றுத் தரும் சின்ன கம்ப்ரசரை வாங்கிவந்த நாளிலிருந்துதான் வந்தது.

பட்டறைக்கு வந்ததும் முதலாளியைப் பிடித்துக்கொண்டான்.

"மீட்டர் முள்ளு நூறு காட்டுது. இன்னும் எவ்ளோ காத்துடா வேணும் உனக்கு?" என்றார் கோதண்டபாணி.

"கன்னை அழுத்திப் பாருங்க, நாப்பதுல வந்து நிக்கும். டயருக்குக் காத்தடிக்கிற மிஷினு இது. என் கன்னுக்கு ஈடு குடுக்க முடியாம ஓடி ஓடி கொதிக்குது. தண்ணியும் எண்ணெயும் சேர்ந்து வருது. அதான் கொப்புளம்."

"புது ஃபில்டர் மாட்டியிருக்குதே, கண்ணு அவிஞ்சு போச்சா?"

மாட்டியிருந்தார்தான், கம்ப்ரசரின் வாயிலேயே ஒட்டி. அங்கே காற்று கொதிக்கும். தண்ணீர் ஆவியாகவே ஃபில்டரைத் தாண்டிப்போய், ஹோஸ் குழாயில் ஆறி மறுபடி தண்ணீராகிவிடும். சொல்லிச் சொல்லி மாணிக்கவேலுக்கு வாய் வலித்துவிட்டது. கன்னைக் கழற்றி, ஹோஸை முதலாளியின் வெள்ளைச் சட்டைக்கு நேரே திறந்துவிட்டான். மார்பெல்லாம் எண்ணெய்த் தண்ணீர் தெறித்தது.

"டேய்!"

"இதுவும் என் கை நடுங்கி வந்ததா?"

ஃபில்டரை ஹோஸின் கன் பக்கக் கோடிக்கு மாற்றினான். டேங்கின் அடித் திருகைத் திறந்து தேங்கியதை வடித்தான். கன்னுக்குச் சின்னத் துளை நாசில் போட்டான். இரண்டு கதவும் கொப்புளமாய் நின்ற பீரோவின் இடது கதவைத் தேய்த்துத் துடைத்து, நாலு இழுப்புக்கு ஒருமுறை மிஷினை மூச்சு வாங்கவிட்டு அடித்தான். முகம் பார்க்கலாம், அப்படி வந்தது.

"சரி சரி, வலதையும் அடிச்சுடு. சாயங்காலம் பொண்ணு வூட்டுக்காரங்க பீரோ எடுக்க வராங்க."

"டீக்கடையில சொன்னீங்க இல்ல? அங்கயே வந்து, தப்பு என் மிஷினுதுன்னு சொல்லுங்க. அடிக்கறன்."

"உனக்கு நான் பதில் சொல்லணுமா? போடா வெளியே!"

கன் அவன் சொந்தக் கன். துணியில் சுற்றி இடுப்பில் செருகினான். ஈரப் பெயிண்ட்டில் கை படாமல் பீரோவின் முதுகைப் பிடித்து வாசலுக்குத் தள்ளி, டீக்கடையைப் பார்க்க நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

பாய்லருக்குப் பின்னாலிருந்து அம்சாவின் குரல் வந்தது.

"இன்னா மொதலாளி, ஒரு கதவுக்கு மட்டுந்தான் கை நடுங்குச்சா?"