அவர் பெயரில் நான் வாசித்த புத்தகங்கள்

இரண்டாவது உலக யுத்த காலம். மண்ணெண்ணெய் பங்கீட்டில் வந்துகொண்டிருந்தது. மண்டூர்ப் பக்கம், வாவிக்கரையில் எங்கள் வீடு. எங்கள் வீடு என்றா சொன்னேன்? என் வீடு. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை தன் பெட்டியோடு வந்து சேருவார். என் கணவரும் அப்படி வந்தவர்தான். பள்ளிக்கூட வாத்தியார்.

ஊர் வாசிகசாலையில் ஒரு பெரிய கொப்பி இருந்தது. வாசித்தது, வாசிப்பது, வாசிக்கப் போவது என்று மூன்றையும் அங்கத்தவர்கள் மாதாமாதம் அதில் எழுத வேண்டும். பெண்களுக்கு அங்கே இடமில்லை. அதனால் புத்தகம் அவர் பெயரில் வரும், நான் வாசிப்பேன். சோறு தின்னும்போது கதையைக் கேட்டுக்கொள்வார். மாதக் கடைசியில் நான் சொன்ன மூன்றையும் தன்னுடையதாக எழுதிவிட்டு வருவார். மாஸ்டர் எவ்வளவு வாசிக்கிறார் என்று ஊர் மெச்சும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"என்ட பேரையும் ஒருக்காச் சொல்லுங்களன்" என்று கேட்டும் பார்த்தேன்.

"பொம்புளைட பேர் அந்தக் கொப்பியில எதுக்கு, புள்ள?" என்று கையைக் கழுவிக்கொண்டு போனார்.

ஆண்டுக் கூட்டத்தில் ஒரு நாவலைப் பற்றிப் பேச அவரையே கேட்டார்கள். இந்தியாவில் அச்சான நாவல். அதில் புருஷன் செய்யாத கொடுமை இல்லை. கடைசியில் மனைவி அவனை மன்னித்து, அவன் காலிலேயே விழுகிறாள். வாசித்த எரிச்சல் எனக்கு ஆறவே இல்லை. முடிவு என்ன என்று இவர் கேட்டதும் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அவன்ட பெட்டியத் தூக்கி வாசல்ல வெச்சிட்டுக் கதவச் சாத்திட்டாள்."

மூக்குடைபட்டு வருவார் என்று காத்திருந்தேன். கழுத்தில் மாலையோடு வந்தார்! அத்தனை ஆண்களும் தலையாட்டிக் கைதட்டினார்களாம். அங்கத்தவர்களில் ஒருவராவது அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கவில்லை. பெண்ணுக்கு இடமில்லை என்று சொன்ன பெரிய மனிதர்கள் இவர்கள்தான். அன்று உலையைவிட நான்தான் அதிகம் கொதித்தேன்.

மூன்றாம் நாள், காத்தான்குடியிலிருந்து புடவை மூட்டையோடு வழக்கமாக வரும் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று அழைப்பவர், வந்தார். தோணிக்குக் காத்திருந்த நேரத்தில் அவரும் அந்தக் கூட்டத்தில் போய் இருந்தாராம்.

"மாஸ்டர், அந்தப் புத்தகம் நானும் வாசிச்சிரிக்கன். அதுல வீடு அவன்ட தாயிட வீடெல்லோ? பொஞ்சாதி எப்பிடி அவன்ட பெட்டிய வெளிய வெக்க ஏலும்?"

இவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நானா சிரித்துவிட்டார். "இது நம்மட பக்கத்துப் பொம்புள கட்டின முடிவு."

கதவுக்குப் பின்னால் நின்ற நான் வெளியே வந்தேன். "ஓம், நான்தான் சொன்னன். எல்லாத்தையும் வாசிக்கிறதும் நான்தான்." இவர் முகம் செத்துப்போயிற்று. ஒருவர் எழுதிய கதையை நான் கெடுத்தது பிழைதான்; அதற்கு மட்டும் இன்றும் வெட்கப்படுகிறேன். வேறெதற்கும் இல்லை.

நானா மூட்டையை அவிழ்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "தங்கச்சி, அடுத்ததா என்ன வாசிக்கப் போறிங்க?"

என்னிடம் யாரும் கேட்டிராத கேள்வி. பழக்கதோஷத்தில் இவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அந்தக் கொப்பியில் என் பெயர் கடைசிவரை ஏறவில்லை, அந்தக் கோபம் இன்னும் தீரவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து என் வீட்டில் அந்தக் கேள்விக்கு நானேதான் பதில் சொல்கிறேன்.